அறந்தாங்கியும் ஒற்றைத் தலைவலி மருத்துவமும்: ஒரு வரலாறு

ஒற்றைத் தலைவலி (மைகிரேன்) என்பது பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தில் துடிப்பாகத் தொடங்கி, நான்கு மணி நேரம் முதல் மூன்று நாள் வரை நீடிக்கும் நரம்பு நோய். குமட்டலும் வாந்தியும் உடன் வரும். வெளிச்சமும் ஓசையும் பொறுக்க முடியாமல் போகும். சிலருக்கு வலி தொடங்குமுன் கண்முன்னே மின்னல் போன்ற வளைகோடுகள் தெரியும். எல்லோருக்கும் ஒரு பக்கம் மட்டுமே வலிப்பதில்லை. பெயர் அப்படி நிலைத்துவிட்டது. மூன்று மாதங்களுக்கு மேலாக, மாதத்தில் 15 நாட்களோ அதற்கு அதிகமாகவோ தலைவலி இருந்து, அவற்றில் 8 நாட்களேனும் மைகிரேன் தன்மையோடு இருந்தால் அதை நாள்பட்ட ஒற்றைத் தலைவலி என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள்.

இந்நோயை எந்தக் கருவியும் காட்டித் தராது. ஸ்கேன் தெளிவாக இருக்கும், ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும். நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் மருத்துவர் நோயை அறிய வேண்டும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்ற பழமொழியில், காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வந்துவிட்டது; தலைவலிக்கு இன்றுவரை வரவில்லை. ஆகவே, கேட்கத் தெரிந்த மருத்துவர் எவ்வளவு தொலைவில் இருந்தார் என்பதும் இந்நோயின் வரலாற்றில் ஒரு பகுதி. புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி அந்தத் தொலைவை அளந்து பார்க்க ஏற்ற ஊர்.

பெயரும் பழைய மருத்துவமும்

சுசுருத சங்கிதை தலைநோய்களைப் பதினொன்றாகப் பிரிக்கிறது. அவற்றுள் ஒன்று அர்த்தாவபேதகம். பாதித் தலையைப் பிளப்பது என்பது அதன் பொருள். சூரியன் ஏற ஏற வலி ஏறி, சாயும்போது குறைவதாகச் சொல்லப்படும் சூரியாவர்த்தம் மற்றொன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் காலன் இந்நோயைப் பாதி மண்டை எனப் பொருள்படும் 'ஹெமிக்ரானியா' என்ற கிரேக்கச் சொல்லால் குறித்தார். அச்சொல் தேய்ந்து பிரெஞ்சு வழியாக மைகிரேன் ஆயிற்று. சமஸ்கிருதம், கிரேக்கம், தமிழ் மூன்றும் பாதியையோ ஒற்றையையோ வைத்தே நோய்க்குப் பெயரிட்டிருக்கின்றன.

தமிழ்ச் சித்த மருத்துவத்தில் நாகமுனிவர் பெயரால் வழங்கும் தலைநோய் மருத்துவ நூல் இத்துறைக்கென்றே அமைந்தது. பற்று, ஒற்றடம், வேது, மூக்கில் மருந்து விடும் நசியம், எண்ணெய் முழுக்கு ஆகியவை தலைநோய்க்கான வழிமுறைகள். சுக்குத் தைலமும் நொச்சித் தைலமும் இன்றும் விற்பனையில் உள்ளன. அறந்தாங்கியைச் சேர்த்துத் தென்தமிழ்நாடு முழுவதும் சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவது, நொச்சி இலையைத் தலையணையில் அடைத்துப் படுப்பது, தலையில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு இருட்டறையில் கிடப்பது ஆகியவை வீட்டு வழக்கங்கள். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டுக் கண்ணேறு கழிப்பதும், தர்காவில் ஓதி வாங்கிய தாயத்தைக் கட்டுவதும் மத வேறுபாடின்றி நடந்தவை.

இவற்றையெல்லாம் வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. இருட்டறையும் தூக்கமும் இன்றைய மருத்துவரும் சொல்பவைதான். தலைவலியைப் பித்தத்தின் கோளாறு என்று சொன்னதற்கும் ஒரு கண்ணறி சான்று இருந்தது. பலருக்கு வாந்தி எடுத்ததும் வலி தணியும். பித்தம் இறங்கிவிட்டது என்று வீட்டார் ஆறுதல் கொள்வார்கள். கவனிப்பு சரி, விளக்கம்தான் வேறு. ஆனால் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் வலியை வராமல் தடுக்கும் வழி இவற்றில் இல்லை. பித்த உடம்பு என்ற பெயர் நோயாளியின் மேல், பெரும்பாலும் பெண்ணின் மேல், வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொண்டது.

தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) தன்வந்திரி மகால் என்ற மருத்துவக் கூடத்தை நடத்தினார். அங்கு தொகுக்கப்பட்ட மருந்துமுறைகள் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற வரிசையாகப் பின்னர் சரசுவதி மகால் நூலகத்தால் அச்சிடப்பட்டன. இந்திய, ஐரோப்பிய மருத்துவங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த அந்த முயற்சி சரபோஜிக்குப் பிறகு தொடரவில்லை.

தைலமும் மாத்திரையும்

சிற்றூர்களில் தலைவலிக்கு முதலில் வந்த தொழிற்சாலை மருந்து மஞ்சள் நிறத் தைலம். காசிநாதுனி நாகேசுவர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் நிறுவனம் 1914இல் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. இசைக் கச்சேரிகளில் இலவசமாக வழங்கி அவர் அதை விளம்பரம் செய்தார். அந்தச் சிறு புட்டி வீட்டு மாடத்தில் திருநீற்றுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. எரிச்சலும் குளிர்ச்சியும் கலந்த அந்தத் தைலம் சற்று நேரம் கவனத்தை வலியிலிருந்து திருப்பும். தீங்கு ஏதும் செய்யாது.

மாத்திரைகளைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1899இல் ஆஸ்பிரினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் அனாசின், சாரிடான் போன்ற வலி மருந்துகள் இந்தியாவில் பெட்டிக்கடை வரை பரவின. இத்தகைய மாத்திரைகள் பலவற்றில் வலிநீக்கியுடன் காபியில் உள்ள கஃபீனும் சேர்ந்திருக்கும். ஒரு மாத்திரை, ஒரு டீ, மீண்டும் வேலை என்பது நாற்றங்காலிலும் கடைவீதியிலும் ஓர் ஒழுங்காகவே ஆகிவிட்டது. 2018 செப்டம்பரில் இந்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது சாரிடானும் பட்டியலில் இருந்தது. சில நாட்களில் உச்ச நீதிமன்றம் அதன் விற்பனை தொடர இடைக்கால அனுமதி அளித்தது.

இதில் மறைந்திருந்த சிக்கல் மெதுவாகத்தான் தெரிந்தது. வலிநீக்கியை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் அதுவே தலைவலியை உண்டாக்கும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களுக்கு மேலும், கூட்டு மாத்திரையை 10 நாட்களுக்கு மேலும் மூன்று மாதங்கள் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு என்று பன்னாட்டுத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாடு கூறுகிறது. மாதம் நான்கு நாள் வந்த வலி இருபது நாளாக மாறுவதற்கு இது ஒரு முக்கியமான வழி. நோயாளிக்கோ வலி கூடியதால் மாத்திரை கூடியது என்றுதான் தெரியும். மாத்திரை கூடியதால் வலி கூடியிருக்கலாம் என்று யாராவது வெளியிலிருந்து சொல்ல வேண்டும்.

எர்காட் என்னும் பூஞ்சை

மைகிரேனுக்கென்றே தனியாக அமைந்த முதல் மருந்து ஒரு பயிர்நோயிலிருந்து வந்தது. ரை என்ற தானியக் கதிரில் வளரும் எர்காட் பூஞ்சையிலிருந்து 1918இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆர்தர் ஸ்டோல் எர்கோடமைனைப் பிரித்தெடுத்தார். 1920களில் அது மைகிரேனுக்குத் தரப்பட்டது. தமிழக விவசாயிகள் கம்பில் காணும் தேன் ஒழுகல் நோயும் அதே பேரினத்தைச் சேர்ந்த பூஞ்சையால் வருவதே. 1938இல் நியூயார்க்கில் கிரகாமும் ஹெரால்டு வுல்ஃபும் எர்கோடமைன் கொடுத்ததும் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் துடிப்பு தணிவதைப் பதிவு செய்தனர். மைகிரேன் ரத்தக்குழாய் விரிவதால் வரும் நோய் என்ற கருத்து அதிலிருந்து வலுப்பெற்று, அரை நூற்றாண்டு நிலைத்தது.

எர்கோடமைன் வலியை அடக்கியது. அளவு மீறினால் கைகால் ரத்த ஓட்டத்தையே கெடுத்தது. கருப்பையைச் சுருக்குவதால் கர்ப்பிணிகளுக்குத் தரக் கூடாது. மருந்தின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு கடையில் நேரடியாக வாங்கிப் பழகிய நாட்டில் இது சிறிய ஆபத்து அல்ல. 1990களின் தொடக்கத்தில் வந்த சுமட்ரிப்டான் அதைவிடக் குறிவைத்துச் செயல்பட்டது. இதய நோய் உள்ளவர்களுக்கு அதுவும் ஆகாது.

தமிழகத்தில் நரம்பியல்

இந்தியாவில் நரம்பியல் மருத்துவம் தனித்துறையாகத் தொடங்கியது தமிழ்நாட்டில்தான். கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அத்துறையை ஏற்படுத்தினார். சீர்காழியில் பிறந்து, இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய பா. ராமமூர்த்தி 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். 1951இல் இவ்விருவரும் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைச் சென்னையில் நிறுவினர். நால்வரோடு தொடங்கிய சங்கம் அது.

இந்த வரிசையில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. முன்னணியில் நின்றவர்கள் அறுவை மருத்துவர்கள். மூளைக் கட்டி, தலைக்காயம், வலிப்பு, காசநோயால் மூளையில் உண்டாகும் கட்டிகள் ஆகியவை அவர்கள் முன் குவிந்தன. உயிர் போகும் நிலையில் வந்தவர்களுக்கு நடுவே, உயிரைப் பறிக்காமல் வாழ்நாளைக் கரைக்கும் தலைவலிக்கு இடம் குறைவு. கட்டி இல்லை என்று உறுதி செய்வதோடு பல நேரங்களில் அந்தச் சந்திப்பு முடிந்தது. 1971இல் இங்கிலாந்தில் முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டு, பிறகு அக்கருவி இந்தியாவுக்கும் வந்தபோது இப்போக்கு இன்னும் வலுத்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்ற சொல் மருத்துவருக்கு நல்ல செய்தி. நோயாளியின் வீட்டில் அதே சொல், இவருக்கு ஒன்றும் இல்லை என்று திரிந்துவிடும்.

அறந்தாங்கியின் பாதைகள்

இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்தாலும், அறந்தாங்கி புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு உட்பட்ட ஊர் அல்ல. அது பிரிட்டிஷ் ஆட்சியின் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1948இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த பிறகும் தஞ்சையிலேயே தொடர்ந்து, 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் அதில் சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மாவட்ட வாரியம் அமைத்த இருப்புப்பாதை மாயவரத்தில் தொடங்கி, திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கியில் முடிந்தது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் தஞ்சாவூர் என்ற பழக்கத்துக்கு இந்த நிர்வாகமும் இந்தத் தண்டவாளமும் காரணம். பாதை பின்னர் காரைக்குடி வரை நீண்டது. காரைக்குடிக்கும் சென்னைக்கும் இடையே அறந்தாங்கி வழியாக ஓடிய கம்பன் விரைவு ரயில், அகலப்பாதைப் பணிக்காக மீட்டர் பாதை மூடப்படும் வரை, சென்னையின் மருத்துவர்களைத் தேடிச் சென்றவர்களுக்கும் பயன்பட்டது. அகலப்பாதை திருவாரூர் வரை முழுமையாகத் திறக்க 2019 ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் பேருந்தே வழி. துடிக்கும் தலையோடு பேருந்தில் முன்பக்கக் கண்ணாடி வெயிலையும் ஹாரனையும் தாங்கிச் செல்வது எப்படி இருக்கும் என்பதைத் தலைவலிக்காரர்களே அறிவார்கள்.

மதுரை மருத்துவக் கல்லூரி 1954இலும், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959இலும், திருச்சியில் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி 1997இலும் தொடங்கின. புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2017இல்தான் வந்தது. மதுரையோ தஞ்சையோ திருச்சியோ எதுவானாலும் அறந்தாங்கிக்காரருக்கு ஒரு முழுநாள் பயணம். கூலி வேலை செய்பவருக்கு அது ஒரு நாள் கூலி. துணைக்கு ஒருவர் வந்தால் இரண்டு நாள் கூலி.

ஆனாலும் தொலைவு கிலோமீட்டரில் மட்டும் இல்லை. தலைவலிக்கு நேராக நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும் என்று பெரும்பாலோருக்குத் தோன்றுவதில்லை. முதலில் கண் பரிசோதனை. கண்ணாடி போட்டும் வலி நிற்காவிட்டால் சைனஸ் என்று காது-மூக்கு-தொண்டை மருத்துவர். மைகிரேன் வரும்போது மூக்கில் நீர் ஒழுகுவதும், நெற்றியும் கன்னமும் கனப்பதும் உண்டு. ஆகவே சைனஸ் என்ற பெயர் எளிதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பல், பிறகு கழுத்து எலும்பு, பிறகு ரத்த அழுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சீட்டு, சில மாதங்கள். இந்தச் சுற்றில் பத்து ஆண்டுகள் கழிவது அரிதல்ல. அதற்குள் வலிநீக்கிப் பழக்கம் வேரூன்றியிருக்கும்.

கேள்விகளே சோதனை

நரம்பியல் மருத்துவர் முதல் சந்திப்பில் செய்வதில் பெரும்பகுதி கேட்பதுதான். வலி எத்தனை வயதில் தொடங்கியது, மாதத்தில் எத்தனை நாள், எத்தனை மணி நேரம், வாந்தி உண்டா, நடந்தால் கூடுமா, தாய்க்கோ உடன்பிறந்தவர்க்கோ உண்டா, மாதவிலக்கோடு தொடர்பு உண்டா, என்ன மாத்திரை, எத்தனை நாள். பிறகு கண்ணின் உட்புறத்தை ஒளி பாய்ச்சிப் பார்த்து, கைகால் வலுவைச் சோதிப்பார். திடீரென்று இடிபோல இறங்கிய வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய வலி, பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி ஆகியவை இருந்தால் மட்டுமே ஸ்கேன் அவசரமாகிறது. இருபது ஆண்டுகளாக ஒரே மாதிரி வரும் வலிக்குப் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. ஸ்கேன் எழுதாத மருத்துவர் சரியாகப் பார்க்கவில்லை என்று எண்ணித் திரும்புபவர்களும் உண்டு.

எது வலியைத் தூண்டுகிறது என்பதிலும் ஊர்வழக்கம் நுழைகிறது. மேலைநாட்டுப் பாடநூல்கள் சிவப்பு ஒயினையும் பாலாடைக்கட்டியையும் சொல்லும். இங்கே வெயில், பட்டினி, விரதம், தூக்கக் கேடு. மும்பைத் தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர் தலைக்குக் குளிப்பதால் மைகிரேன் தூண்டப்படும் 94 இந்திய நோயாளிகளை ஆராய்ந்து 2006இல் 'செஃபலால்ஜியா' இதழில் எழுதினார். நீண்ட கூந்தலுடன் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வலி வருகிறது என்று நம் வீடுகளில் பெண்கள் தலைமுறைகளாகச் சொல்லிவந்ததைப் பன்னாட்டு இதழ் ஒன்றில் ஏற்றிய கட்டுரை அது. அவர்கள் சொன்னதைக் குளிர்ச்சி சேரவில்லை என்று வீட்டில் கேட்டார்கள். சிகிச்சைக்கு உதவும் தகவலாக மருத்துவர் ஒருவர் கேட்டது அப்போதுதான்.

சிகிச்சையின் அடுத்த பகுதி தடுப்பு மருந்து. இதன் வரலாறு பெரும்பாலும் தற்செயல். 1966இல் நெஞ்சுவலிக்காக ப்ரோப்ரனலால் எடுத்த ஒருவருக்கு மைகிரேன் குறைந்ததிலிருந்து அது தடுப்பு மருந்தாயிற்று. மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலினும், வலிப்புக்கான வால்ப்ரோயேட்டும் டோப்பிரமேட்டும் பின்னர் வந்தன. கருவுறும் வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட் தவிர்க்கப்பட வேண்டியது. சிசுவுக்குக் குறைபாடு வரும். இந்தியாவில் ஃப்ளூனரிசினும் பரவலாக எழுதப்படுகிறது.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. தடுப்பு மருந்து பலன் தர எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் வலி திரும்பியதும் மாத்திரை கேட்கவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். அல்லது மருந்துக்கடையில், பக்கத்து வீட்டில், இது இதய மாத்திரை, இது வலிப்பு மாத்திரை, இது மனநோய் மாத்திரை என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். தலைவலிக்குப் போன பெண்ணுக்கு மனநோய் மாத்திரை எழுதினார்கள் என்ற செய்தி திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மருந்து பல நோய்களுக்கு ஆகும் என்பதை எழுதிக்கொடுக்கும்போதே இரண்டு வரியில் விளக்கும் மருத்துவரிடம் இந்த இடைநிறுத்தம் குறைகிறது. கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் அந்த இரண்டு வரிக்குத்தான் நேரம் இருப்பதில்லை.

எண்ணிக்கையும் தொலைவும்

பெங்களூரு நகரத்திலும் அதன் ஊர்ப்புறத்திலும் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் 25.2 விழுக்காட்டினருக்கு மைகிரேன் இருந்ததாகக் கண்டது. நான்கு பேரில் ஒருவர். பெண்களிடம் கூடுதல். இதற்கு எதிர்ப்பக்கத்தைச் சென்னை நரம்பு அறுவை மருத்துவர் கே. கணபதி அதே ஆண்டு 'நியூராலஜி இந்தியா' இதழில் கணக்கிட்டார். நாட்டின் நரம்பியல் மருத்துவர்கள், நரம்பு அறுவை மருத்துவர்களில் 30 விழுக்காட்டினர் நான்கு பெருநகரங்களில் இருந்தனர். ஒருவர்கூட இல்லாத பகுதிகளில் ஏறத்தாழ 93 கோடிப் பேர் வாழ்ந்தனர். தொலைமருத்துவம் வேண்டும் என்பது அவர் வாதம். கேள்விகளே சோதனையாக உள்ள ஒரு நோய்க்கு, வேறு பல நோய்களைவிட அது பொருந்தும். 2020 பெருந்தொற்றுக் காலத்தில் இந்திய அரசின் இ-சஞ்சீவனி பரவியபோது கைபேசி வழியாக மருத்துவரைப் பார்ப்பது சிற்றூர்களுக்கும் பழகிவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் கதை வேறு திசையில் நகர்ந்தது. மைகிரேனின்போது சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்துணுக்கு கழுத்து ரத்தத்தில் கூடுவதை 1990இல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் காட்டினர். வெறும் ரத்தக்குழாய் நோய் என்ற பழைய கருத்து அதனால் பின்வாங்கியது. அத்துணுக்கைத் தடுக்கும் ஊசிமருந்துகள் 2018 முதல் வெளிவந்தன. 2010 முதல் நாள்பட்ட மைகிரேனுக்குத் தலையிலும் கழுத்திலும் பொட்டுலினம் ஊசி போடும் முறைக்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஒப்புதல் உண்டு. இவை விலை மிகுந்தவை. அறந்தாங்கி வட்டாரக் குடும்பங்கள் பெரும்பாலானவற்றுக்கு எட்டாதவை.

எட்டுபவையும் உண்டு. ப்ரோப்ரனலாலும் அமிட்ரிப்டிலினும் பழைய, மலிவான மாத்திரைகள். இந்தியாவின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளவை. முதல் சீட்டை எழுதத் தஞ்சையிலோ திருச்சியிலோ ஒரு நரம்பியல் மருத்துவர் தேவைப்படலாம். தொடர்ந்து கொடுத்து அளவு கூட்டிக் குறைப்பதை உள்ளூர்ப் பொது மருத்துவரே செய்ய முடியும். அதற்கு நோயாளி எடுத்துச் செல்ல வேண்டியது, வலி வந்த நாளையும் போட்ட மாத்திரையையும் குறித்துவைத்த ஒரு நாட்காட்டி. தினசரிக் காலண்டரின் தாளைக் கிழிக்காமல் வைத்து, அதில் பேனாவால் ஒரு கோடு போட்டு வந்தாலும் போதும்.